தோளில் வந்த பிள்ளை
(படைவீரர் கொடி நாள் கூட்டத்தில் பேசியது)

அவையில் இருக்கும் பட்டாளத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவரை நாங்கள் சுபேதார் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வயது தொண்ணூறை நெருங்குகிறது. தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் இன்றைக்கு நான் பேசத்தான் போகிறேன் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது ஐயாவுக்கு ஐந்து வயது. கப்பலில் இடம் கிடைக்காத ஏழைத் தமிழர்கள் நடந்தே கிளம்பினார்கள். அந்தச் சில மாதங்களில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் லட்சக்கணக்கில். இவர் குடும்பம் போனது பர்மா எல்லையிலிருக்கும் தமு வழியாக மணிப்பூர் மலைகளைத் தாண்டும் பாதை. காலராவும் மலேரியாவும் கூடவே நடந்தன. வழியிலேயே இவருடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கால் வீங்கி நடக்க முடியாத பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டு மணிப்பூரில் இருக்கும் பாலேல் வரை வந்தார். திமாப்பூரில் ரயில் ஏறும் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டார்கள். அவர் பெயரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை. இதை ஐயா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

1955இல் மதராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி. 1971 பாகிஸ்தான் போரில் பசந்தர் ஆற்றங்கரையில் சண்டை. அதைப் பற்றிக் கேட்டால் டிசம்பர் குளிரைப் பற்றித்தான் சொல்வார். 1979இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார்.

வந்த முதல் மாதமே பக்கத்துத் தெருக் கிழவர் ஒருவர் மேல் துண்டுக்குள் ஒரு காகிதத்தைப் பொத்தி எடுத்துவந்தார். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் படையில் இருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 15 வருஷ சர்வீஸ் இல்லாத சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடையாது. கிழவருக்குக் கிடைக்கக்கூடிய உதவிக்கு மனு எழுதி, கையைப் பிடித்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார் ஐயா. அன்று ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோய்க் கிடந்தது. பட்டாளத்திலிருந்து வரும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. இரண்டிலும் பிறந்த வருஷமும் வேறு. ஓர் அலுவலகத்தில் அம்மாவைப் பதினோரு தடவை நடக்கவிட்டார்கள். "நீங்கள்தான் அவர் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். முப்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர் அவர். அன்றைக்கு அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார்.

பன்னிரண்டாவது தடவை ஐயா கூட வந்தார். சத்தம் போடவில்லை. தன் தகரப் பெட்டியைத் திறந்து, பிரமாணப் பத்திரம், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையின் நகல், பெயர் திருத்தக் கடிதம் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். "இந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்" என்று மட்டும் சொன்னார். நாற்காலி வந்தது. ஏழு மாதத்தில் நிலுவையும் வந்தது.

நவம்பர் வந்தால் உயிர்ச்சான்று, ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் சான்று. இப்போது விரல் ரேகை எந்திரம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் எண்பது வயதில், ஆயுளெல்லாம் மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? எந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டும். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதர் முகம் வாடிவிடும். ஐயா ஈரத்துணியால் அந்தப் பெருவிரலைத் துடைப்பார். தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றுவார். "அவசரமில்லை தம்பி, இன்னொரு தடவை வை" என்பார். அவர் தம்பி என்று கூப்பிடுகிற ஆளுக்கு எண்பத்திரண்டு வயது.

இத்தனை பேரோடு ஏன் ஐயா நீங்களே போகிறீர்கள், எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். "தனியா அனுப்ப மனசு வரலை" என்றார். எனக்குப் பாலேல் வரை சுமந்து வந்த அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் மேசை போட்டு ஐயா உட்காருவார். பெயர், பிறந்த தேதி பொருந்தாதவர்கள் டிஸ்சார்ஜ் புக்கோடு ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவர்கள் கையை மட்டும் தூக்குங்கள், அவரே உங்களிடம் வருவார்.