நன்றி கெட்டவன் என்று திட்டிய இரவு

எல்லோருக்கும் வணக்கம். யாருக்காவது உதவி செய்து, அப்புறம் அவர் உங்களைக் கண்டுகொள்ளாமல் போனால் மனசுக்குள் என்னவென்று திட்டுவீர்கள்? ‘நன்றி கெட்டவன்’ என்றுதானே? நானும் திட்டியிருக்கிறேன். வேலை போய்த் தவித்த நண்பன் ஒருவனுக்குப் பல மாதம் துணையாக நின்றேன். பிறகு அவன் நிமிர்ந்து, பலர் கூடிய ஓரிடத்தில் தன்னைக் கைதூக்கிவிட்டவர்களை வரிசையாகச் சொன்னான், அதில் என் பெயர் இல்லை. அன்று இரவு தூக்கமே வரவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாம் செய்ததாக நம்பியிருந்தேன். சரி, அவன் நன்றாகத்தான் இருந்தான், அப்புறம் எனக்கு எங்கே வலித்தது?

இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை’ என்கிறது 221ஆம் குறள். அளவு குறித்துக் கொடுத்து, அதே அளவு திரும்ப வாங்கிக்கொள்கிற கைமாற்று அது. அவனிடம் ஒன்றுமே இல்லாதபோதுதானே கொடுத்தேன், வள்ளுவர் கணக்கில் நான் தேறிவிடுவேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்றுமில்லாதவனிடமும் வாங்குவதற்கு ஒன்று இருக்கிறதே, நமக்கு நல்ல பெயர்! புறநானூற்று 134ஆம் பாட்டு இன்னும் கறாரானது. இங்கே செய்தால் மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கிற ‘அறவிலை வணிகன்’ (அறத்தை விலைபேசும் வியாபாரி) அல்ல எங்கள் வள்ளல் ஆய் என்று பாடுகிறார் புலவர் முடமோசியார். மறுமையை எதிர்பார்ப்பதே வியாபாரம் என்றால், நாலு பேர் முன்னால் பெயர் சொல்வான் என்று காத்திருந்த என்னை எதில் சேர்ப்பது?

அதைவிட ஆழமாகக் குத்தியது வேறொருவர் எழுதியது. லா ரோஷ்ஃபூக்கோ என்று 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பிரபு, உள்நாட்டுப் போரில் முகத்தில் குண்டடி பட்டுப் பார்வையே போகும் நிலைக்கு வந்தவர், அரசவை நட்பும் பகையும் எதனால் ஆனவை என்று கிட்டத்தில் பார்த்தவர். நம் உயிர் நண்பர்களுக்கு வரும் துன்பத்திலும் நமக்குக் கசக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1665இல் எழுதினார், பின்வந்த பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். பொய் என்று நினைத்து எடுத்திருப்பார் என எனக்குத் தோன்றவில்லை. நண்பன் விழுந்து கிடந்த மாதங்களில் அவன் பக்கத்தில் நான் உயரமாக இருந்தேன், அந்த உயரம் எனக்குப் பிடித்திருந்தது. அவன் எழுந்ததும் அது போய்விட்டது. பெயர் சொல்லாதது ஒரு சாக்குத்தான்.

இதற்காக உதவியே போலி என்று நான் சொல்ல வரவில்லை. நான் கொடுத்த பணம் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, குழந்தைகள் சாப்பிட்டார்கள், என் மனசில் என்ன இருந்தது என்பது அந்தப் பசிக்குத் தெரியாது. ஆனால் அவனுக்குத் தெரியும். நம் தற்பெருமைக்கான விலையை, உதவி வாங்குகிறவர்தான் கொடுக்கிறார், இதை நாம் யோசிப்பதே இல்லை.

ரொம்ப நாள் கழித்து அவனைச் சந்தித்தபோது நான் எதையும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

“எல்லார் முன்னாலயும் ‘இப்ப சமாளிச்சுக்கிறியா’ன்னு கேட்பியே, அதான்டா தாங்க முடியல.”