கத்தரிப்பதற்காவது படம் வேண்டாமா?

(காரைக்குடியில் பழைய திரைப்படங்கள் குறித்து நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மேசைக் கடிகாரத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட கல்லூரி முதல்வர் அவர்களே, இந்த வெயிலிலும் பொன்னாடை போர்த்தித்தான் தீருவேன் என்று போர்த்திய திரையரங்க உரிமையாளர் ஐயா அவர்களே, கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டையிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு இருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் தனித்தனியே வணங்கிவிடுகிறேன்.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். பழைய படங்களில் இன்றைக்கு ஒவ்வாத காட்சிகளை வெட்டலாமா என்பது ஒன்று. மனம் புண்படுகிறது என்றால் ஒரு படத்தைத் தடுக்கலாமா என்பது இரண்டு. 2023-இல் திருத்திய தணிக்கைச் சட்டம் என்ன சொல்கிறது என்பது மூன்று.

தினமும் கைப்பேசியைத் திறந்தால் ஒரு பஞ்சாயத்து. இந்தப் பழைய படம் சாதியைத் தூக்கிப் பிடிக்கிறது, அந்தப் படம் பெண்ணை இழிவுபடுத்துகிறது, இன்னொன்று சாமியைப் பழிக்கிறது, எடு, வெட்டு, தடை செய் என்கிறார்கள். எதிர்த்தரப்பு, 'எங்கள் பண்பாட்டில் கை வைக்காதே' என்கிறது. இரண்டு தரப்பையும் பார்த்தால் எனக்கு ஒரே பழமொழிதான் ஞாபகம் வருகிறது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன், வானம் ஏறி வைகுண்டம் போனானாம். பண்பாட்டைக் காப்பது அப்புறம் இருக்கட்டும். தமிழகத்தில் எடுத்த முதல் மௌனப்படம் 'கீசக வதம்' எங்கே? 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' எங்கே? இரண்டுமே இல்லை. எந்தத் தரப்பும் அவற்றைத் தடை செய்யவில்லை. வெப்பத்தில் கெட்டதும், தீயில் போனதும், சுருளில் உள்ள வெள்ளிக்காக உருக்கியதுமாகத்தான் பழைய படங்கள் போயின.

இந்த ஊரில் நின்றுகொண்டு ஏ.வி.எம். பற்றிப் பேசாமல் போனால் ஆச்சிமார் விடமாட்டார்கள். ஏ.வி.எம். நிறுவனர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். நாற்பதுகளின் நடுவில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று' என்ற பாரதி பாட்டை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடுவார். படம் வந்தது ஜனவரியில். சுதந்திரம் வந்தது ஆகஸ்டில். செட்டிநாட்டுக் கொட்டகையில் ஏழு மாதம் முன்னதாகவே சுதந்திரம் வந்துவிட்டது! (கைதட்டல்)

கைதட்டிவிட்டீர்கள், இனி மிச்சத்தையும் கேட்க வேண்டும். பாரதி பாடல்களைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமையைச் செட்டியார் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். முறைப்படி வாங்கியதுதான், குறை சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு, 1948-இல், டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' எடுத்தார்கள். அதில் 'தூண்டிற் புழுவினைப்போல்' பாட்டைச் சேர்த்தார்கள். 'பாட்டு எங்களுடையது' என்று செட்டியார் சட்ட நடவடிக்கைக்குப் போனார். பிடித்துக்கொண்டது நெருப்பு. பாரதி பாட்டுக்கு ஒரு முதலாளியா என்று நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். மேடை மேடையாகப் பேசினார்கள். எட்டயபுரத்தில் பாரதிக்கு மண்டபம் கட்டிக் குளிர்ந்திருந்த தமிழ்நாடு, அவன் பாட்டுக்காகச் சூடானது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு தலையிட்டது. உரிமையைத் தாருங்கள் என்று கேட்டபோது, செட்டியார் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார். 1949-இல் அரசின் கைக்கு வந்த பாரதி, 1955-இல் பொதுச் சொத்தானான். இன்றைக்கு டீக்கடை வானொலியில் பாரதி ஒலிக்கிறான் என்றால் அதற்குப் பின்னால் காரைக்குடிக்காரர் ஒருவரின் பிடிவாதமும் இருக்கிறது, பெருந்தன்மையும் இருக்கிறது. அன்றைய சண்டை, ஒரு பாட்டை எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்ன சண்டை. இன்றைய சண்டையெல்லாம் பூட்டச் சொல்லித்தான்.

சரி, முதல் செய்தி. 1941-இல் வந்த 'சபாபதி'யை எடுங்கள். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். டி.ஆர். இராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும். வேலைக்காரனின் அறியாமையைக் கேலி செய்து சிரிப்பது தகுமா என்று இன்று கேட்பது நியாயமான கேள்வி. என் கருத்து, அந்தப் படம் வேலைக்காரனைவிடப் பணக்கார வீட்டுப் பிள்ளையைத்தான் அதிகம் கேலி செய்கிறது என்பது. ஆனால் இதை முழுப் படம் பார்த்தவரிடம்தான் வாதிட முடியும். ஒன்றரை நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் என்ன சொல்வது? 1939-இல் வந்த 'தியாகபூமி'யில், கணவனோடு வாழ மறுக்கும் மனைவி, வேண்டுமானால் நானே அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். இன்று புதிதாக வந்தால் ஒரு வாரத்துக்குக் கைப்பேசி கொதிக்கும். வெள்ளைக்கார அரசு வேறு காரணத்துக்காக அதைத் தடை செய்தது. தடை வருகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி திரையரங்கில் இலவசமாக ஓட்டினார்கள், தடியடி நடந்தது. அந்தப் படம் இன்று புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருப்பதால்தான் அதைப் பற்றி நம்மால் பேசவாவது முடிகிறது. வெட்டாதீர்கள். வேண்டுமானால் முன்னால் இரண்டு நிமிட விளக்கம் போடுங்கள்.

இரண்டாவதற்கு நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்தை அடக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்றது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு முழு உடன்பாடு.

இப்போது கோழிக்கு, அதாவது படச்சுருளைக் காப்பதற்கு வருகிறேன். ஐம்பதுகளின் தொடக்கம் வரை வந்த 35 எம்.எம். படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் சுருள். அதன் எரிபொருளுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். கெட்டுப்போன நைட்ரேட் சுமார் 40 டிகிரி வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளக் கூடும். நம்மூர் அக்கினி நட்சத்திரத்தில் ஓட்டுக்கடியில் கிடக்கும் பெட்டியை நினைத்துப் பாருங்கள். படம் தேன் நிறமாகும், பிசுபிசுக்கும், நுரை கட்டும், கடைசியில் பழுப்புப் பொடியாகும். அதற்கப்புறம் வந்த அசிடேட் சுருள் அவ்வளவு எளிதில் எரியாது. ஆனால் அதற்கு வேறு நோய். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அமிலம் கிளம்பி, டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். சுருள் சுருங்கும், வளையும், ஓரத்துத் துளைகள் புரொஜக்டர் பல்லில் உட்காராமல் கிழியும். ஒரு டப்பாவில் வந்தால் பக்கத்து டப்பாவுக்கும் ஒட்டும். ஈஸ்ட்மன் கலர் பிரிண்ட் என்றால் நீலம் வெளுத்துப் படம் முழுக்க இளஞ்சிவப்பாகும்.

ஆகவே இரண்டாங்கட்டிலோ மாடி அறையிலோ ஐயா காலத்துப் படப்பெட்டி கிடைத்தால் அவசரப்படாதீர்கள். அடுப்பு, ஊதுபத்தி, பீடி இல்லாத நிழலில், காற்றோட்டமாக வைத்துத் திறக்க வேண்டும். முதல் சில அடிகளை மட்டும் பிரித்து ஓரத்தில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். 'சேஃப்டி' என்றிருந்தால் அது பெரும்பாலும் எளிதில் பற்றிக்கொள்ளும் வகையல்ல. 'நைட்ரேட்' என்றிருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் மூடிவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கலியாணத்தை எடுத்து வைத்த 16 எம்.எம்., 8 எம்.எம். சுருள்கள் தீக்குப் பயப்பட வேண்டாதவை, வினிகருக்குப் பயப்பட வேண்டியவை. பிளாஸ்டிக் பையில் சுற்றி இறுக்கி வைக்காதீர்கள், அமிலம் உள்ளேயே அடைபடும். துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றுங்கள். டப்பாக்களை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து அடுக்குங்கள். நெடி வருவதைத் தனி அறைக்கு மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் பழைய புரொஜக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய சுருளைப் பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில்தான் ஏற்ற வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 35 எம்.எம். சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, ஆயிரம் அடிச் சுருளாகப் பதினான்கு டப்பா. நூறு படத்துக்கு 1,400 டப்பா. இரவு பகல் நிற்காத குளிர்சாதனமும், ஈரம் உறிஞ்சும் கருவியும், மின்சாரம் போனால் தாங்க ஒரு ஜெனரேட்டரும் இருந்தால் ஒரு பூட்டிய வீட்டின் இரண்டு அறை போதும். சுவர் தடிமனாக நம் வீடுகள் ஏற்கெனவே நிற்கின்றன. நைட்ரேட்டை மட்டும் அங்கே சேர்க்கக் கூடாது, அது புனேக்குத்தான் போக வேண்டும். இதற்காகத்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சினிமாவுக்குக் கொட்டகை கொடுத்த ஊர் இரண்டு அறை கொடுக்காதா? பண்பாட்டுக்காகக் கைப்பேசியில் கத்தும் இரு தரப்புத் தம்பிகளும் ஆளுக்கொரு டப்பாவுக்குப் பொறுப்பேற்கட்டும். கூரை ஏறிக் கோழி பிடித்துக் காட்டுங்கள், அப்புறம் வைகுண்டத்துக்கு வழி கேட்கலாம்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, தணிக்கைச் சட்டம் எங்கும் ஓடிவிடாது, இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் இங்கேயே இருப்பதால் அறை விஷயத்தை அவரிடம் மனுவாகக் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் பெட்டி இருப்பவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் ஊர், எத்தனை டப்பா, நெடி உண்டா இல்லையா, இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். பெட்டியைத் தயவுசெய்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வராதீர்கள், நாங்களே வந்து பார்க்கிறோம். வணக்கம்.