சித்தப்பாவுக்கு ஒரு காபி ஃபில்டர்

வணக்கம். பின்னால் குக்கர் விசில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சமையலறையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். அடுத்த வாரம் சித்தப்பா பணி ஓய்வு பெறுகிறார். காபி போடும் சாதனம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன்.

முதலில் என் பழைய அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தங்கைக்கு வேலை கிடைத்தபோது அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட் ஒன்றைக் கொடுத்தேன். 1933இல் இத்தாலியில் பிறந்த, பட்டை பட்டையாக இருக்குமே, அந்தக் கூஜாதான். கொள்ளை அழகு! ஆனால் அவள் அறையில் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடாகும். நான் கொடுத்ததோ அலுமினியம். இன்று அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் இந்த முறை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தூளை வெந்நீரில் ஊறவைத்து, வலையை அழுத்தி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ் கண்ணைப் பறித்தது. ஆனால் அதற்குக் கொரகொரப்பாக அரைத்த தூள் வேண்டும். நம் ஃபில்டர் தூளைப் போட்டால் வலையைத் தாண்டி வண்டல் கோப்பைக்கே வந்துவிடும். சித்தப்பா குடிப்பதோ பால் காபி. டிகாஷன் கெட்டியாக இல்லையென்றால் பால் அதை விழுங்கிவிடும். காபித்தூள் அடைத்த சின்னச் சின்னக் குப்பிகளைப் போட்டு இயக்கும் கேப்ஸ்யூல் இயந்திரத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன். நான் ஒருநாள் பரிசு கொடுப்பேன், அவர் மாதாமாதம் கேப்ஸ்யூல் வாங்கிக்கொண்டிருப்பார்!

சுற்றிச் சுற்றி நம் ஃபில்டரிடமே வந்தேன். வெந்நீரை ஊற்றினால் போதும், எந்த அடுப்பாக இருந்தாலும் கவலையில்லை. காந்தம் பையிலேயே கிடந்தது. பித்தளையில் ஒன்று தங்கம்போல மின்னியது. கை நீண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் அதைப் புளி போட்டுத் தேய்க்கப் போவது நானா? சித்திக்கு ஏற்கெனவே மணிக்கட்டு வலி. எவர்சில்வரே போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது அளவு. மேடையில் கொடுக்கப் பெரிதாக இருந்தால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் இருப்பது இரண்டு பேர். பெரிய ஃபில்டரில் இரண்டு பேருக்கான தூளைப் போட்டால் அடியில் மெல்லிய படலமாகப் பரவும். தண்ணீர் சாறு இறங்குவதற்குள் ஓடிவிடும், டிகாஷன் நீர்த்துப்போகும். எனவே சிறியதுதான், இதோ பாருங்கள். மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளைகள் சீராக, ஊசிமுனை அளவில் தெரிய வேண்டும். எங்காவது அடைத்திருந்தால் அது வேண்டாம்.

தூளும் சேர்த்துக் கொடுக்க ஆசை. சித்தியிடம் போன் செய்து, ஏதோ சமையல் சந்தேகம்போல, "உங்கள் வீட்டில் சிக்கரி எவ்வளவு சேர்ப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"நூற்றுக்கு இருபது. ஃபில்டர் வாங்கிவிட்டாயா? மேல் பாத்திரம் சூட்டில் சிக்கிக்கொள்ளாமல் கழன்று வருகிறதா என்று வெந்நீர் ஊற்றிப் பார்த்துவிடு" என்றார்.

அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறேன். தண்ணீர் கொதித்துவிட்டது.