அலாஸ்காவுக்குக் கப்பல் ஏற முன்

மட்டக்களப்பு நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பயண முகவராகத் தொழில் செய்கிற என்னைக் குளிர்நாட்டு உல்லாசக் கப்பல் பயணம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இதில் எல்லோரும் முதலில் கேட்பது, ஜக்கெற் எங்கே வாங்கலாம் என்றுதான். அது பிறகு. இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவர் விசாவிலிருந்துதான் திட்டம் போடவேணும்.

கனடாவில் இருக்கிற மகனோ மகளோ கோடைக்கு அம்மா அப்பாவைக் கூப்பிடுவார்கள். வன்கூவரில் ஏறி அலாஸ்கா பார்த்துவிட்டு வன்கூவரிலேயே இறங்கும் ஏழு நாள் கப்பலுக்குக் காசும் கட்டிவிடுவார்கள். கனடா விசா போதும்தானே என்ற நினைப்பு. ஆனால் வழியில் கப்பல் நிற்கிற கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே எல்லாம் அமெரிக்கா. வன்கூவர் துறைமுகத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் விசாவைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். கனடாக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு இந்த யோசனையே வராது, அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. ஆகவே ஊரை விட்டுக் கிளம்ப முன்னரே, கொழும்பில் அமெரிக்க விசாவுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறினால் கனடா விசா மிச்சமா? அதுவும் இல்லை. வெளிநாட்டுக் கொடியுள்ள, அதாவது வெளிநாட்டில் பதிவான, கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் ஆட்களை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற கொடிகளில் ஓடுபவை. அதனால் விக்டோரியா போன்ற ஒரு கனடாத் துறைமுகத்தைத் தொட்டுத்தான் திரும்பும்.

நோர்வேக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேணும். ஆனால் ஸ்வால்பார்ட் தீவுக்கும் போகிற கப்பல் என்றால் பலமுறை நுழையும் விசாவாக எடுங்கள். அந்தத் தீவு நோர்வேயுடையதுதான், ஆனால் ஷெங்கனுக்குள் இல்லை; அங்கே போய்த் திரும்பினால் மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு.

இனி மாதம். அலாஸ்காவில் மே, ஜூனில் மழை குறைவு, செப்டெம்பர் போனால் கூடும். கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும், நம் மட்டக்களப்பு மழையைப்போல இரண்டு மடங்கு. ஜூலையில்கூட ஜூனோவில் பகல் வெயில் 17, 18 பாகைதான். பனியாற்றுக்குப் பக்கத்தில் கப்பல் போகும்போது மேல்தளத்தில் அடிக்கிற காற்று நுவரெலியாக் குளிரை மறக்கச் செய்யும்.

அதற்கு ஒரே தடித்த கோட்டை விட அடுக்கடுக்காக உடுப்பதே மேல். உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி, நடுவில் சுவெற்றர், வெளியே மழையும் காற்றும் புகாத ஜக்கெற். பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிர வைக்கும். தொப்பி, கையுறை, ரப்பர் அடியுள்ள மூடிய சப்பாத்தும் வேணும். அம்மாமார் சேலையைக் கப்பலுக்குள் இரவுச் சாப்பாட்டுக்கு உடுக்கலாம், செருப்போடு மட்டும் மேல்தளத்துக்கு ஏறவேண்டாம்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வன்கூவருக்கே திரும்புகிற பயணத்தை எடுப்பது நல்லது. அது பெரும்பாலும் தீவுகளுக்கு இடையே போகும், அலை குறைவு. சீனி, பிரஷர் உள்ளவர்கள் காப்புறுதி இல்லாமல் ஏறவே கூடாது. கப்பல் வைத்தியரின் கட்டணம் கையைக் கடிக்கும்.

கப்பல் புறப்படுகிற அன்று காலையில் வன்கூவர் போய் இறங்குகிற மாதிரி விமானச் சீட்டு எடுக்காதீர்கள், முதல் நாளே போய்விடுங்கள். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அறை வாசலுக்கு வர மாலையாகலாம். மாத்திரை, பாஸ்போட், ஒரு சுவெற்றர், மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.