'நோ க்ரோத்'னு ரிப்போர்ட் வந்தா கிருமி இல்லையா?

வணக்கம் மக்களே. பின்னாடி உறுமறது எங்க வீட்டு ஃப்ரிட்ஜ், கண்டுக்காதீங்க.

லிவர் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகற நோய், முத்திப் போனா வயித்துல நீர் கோத்துக்கும். நம்ம ஊர்ல பழைய வைத்தியர்கள் மகோதரம்னு சொல்வாங்க. அந்த நீர்ல கிருமியே இருக்கக்கூடாது. ஆனா குடல்ல ஓட்டை எதுவும் விழாமலே ஈ. கோலை, க்ளெப்சியெல்லா மாதிரி குடல் பாக்டீரியா சுவரைத் தாண்டி உள்ள வந்துடும். தானா வந்த மாதிரி தெரியறதால அந்தத் தொற்றுக்கு 'ஸ்பான்டேனியஸ்'னு பேரு. 1964ல ஹெரால்ட் கான்ங்கற டாக்டர் வெச்சது.

இப்போ விஷயத்துக்கு வரேன். நோயாளிக்குக் காய்ச்சல், வயித்துவலி. ஊசி வெச்சு நீரை எடுத்து லேபுக்கு அனுப்பறாங்க. கிருமியை வளர்த்துப் பாக்கற கல்ச்சர் டெஸ்ட்ல ரிப்போர்ட் 'நோ க்ரோத்', எதுவும் வளரலன்னு. ஆனா அதே நீர்ல நியூட்ரோஃபில், அதாவது கிருமியோட சண்டை போடற வெள்ளை அணு, மட்டும் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250க்கு மேல! அப்போ கிருமி எங்க போச்சு?

எங்கயும் போகல, எண்ணிக்கைதான் ரொம்பக் கம்மி. ஒரு மில்லிக்கு ஒரு பாக்டீரியா இருந்தாலே பெருசு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்களே, அது இங்க எடுபடாது. ஒரு துளியைக் கிருமி வளர்க்கற தட்டுல தேய்ச்சா எப்படி மாட்டும்? அதனாலதான் படுக்கை பக்கத்துலயே, நீர் எடுத்த கையோட, குறைஞ்சது 10 மில்லியை ப்ளட் கல்ச்சர் பாட்டில்ல ஏத்தச் சொல்றாங்க. அப்படிச் செஞ்சாலும் சில கேஸ்ல வளராது. டாக்டர்ங்க அதுக்காகக் காத்திருக்க மாட்டாங்க. 250 தாண்டிச்சா, ஆன்டிபயாட்டிக் ஆரம்பம்.

வளராததைப் பிடிக்க இன்னொரு வழி டிஎன்ஏ. எல்லா பாக்டீரியாலயும் இருக்கற 16எஸ் ஜீனைத் தேடிப் படிக்கறது. கேக்க சூப்பரா இருக்கும். ஆனா செத்துப்போன பாக்டீரியாவோட டிஎன்ஏவும் அதுல வந்துடும். செத்த செல்லுக்குள்ள மட்டும் புகுந்து டிஎன்ஏவைப் பூட்டற ஒரு சாயம் இருக்கு, அதைப் போட்டு ஓரளவு பிரிக்கலாம். அதைவிடப் பெரிய தலைவலி, டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு நாம வாங்கற கிட்லயே பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டிட்டு இருக்கும். சாம்பிள்ல கிருமி இவ்வளவு கம்மியா இருக்கறப்போ, கிட்ல இருக்கறதுதான் பெருசாத் தெரியும்.

அதனால வெறும் தண்ணி ஊத்தின ட்யூப் ஒண்ணும் கூடவே ஓட்டணும். நான் முதல் தடவை ஓட்டினப்போ, நோயாளி சாம்பிளைவிட அந்தத் தண்ணி ட்யூப்லதான் டிஎன்ஏ இருக்குன்னு காட்டற பட்டை பளிச்சுனு வந்துச்சு. அன்னிக்கு மொத்த வேலையும் மறுபடி முதல்லேருந்து.