நல்ல கொழுப்பு அதிகமாக இருந்தால் மாரடைப்பு வராதா?

வணக்கம். “எனக்கு ஹெச்டிஎல் 65 இருக்கிறது. நல்ல கொழுப்பு இவ்வளவு இருக்கும்போது கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு?” இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். சிலர் டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்தியும் விடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இது. அதனால் இன்றைக்கு இதை மட்டும் பேசலாம்.

இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948-இலிருந்து அந்த ஊர் மக்களின் இதயத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். ஹெச்டிஎல் குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம், கூடியவர்களுக்குக் குறைவு என்று 1977-இல் அங்கிருந்து முடிவு வந்தது. ஹெச்டிஎல் செய்யும் வேலையும் அதற்குப் பொருத்தமாக இருந்தது. ரத்தக்குழாய்ச் சுவரில் சேர்ந்த கொலஸ்ட்ராலை எடுத்துக்கொண்டு போய்க் கல்லீரலில் சேர்ப்பது அதுதான். அப்படியானால் மருந்து கொடுத்து அதை ஏற்றிவிட்டால் மாரடைப்பு குறைய வேண்டும், இல்லையா?

ஃபைசர் கம்பெனி அதைத்தான் செய்து பார்த்தது. மருந்தின் பெயர் டார்செட்ராபிப். 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதனை. எல்லோருக்கும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வழக்கமான ஸ்டேட்டின் மாத்திரை உண்டு. பாதிப் பேருக்கு இந்தப் புது மருந்தும் சேர்த்து. ஹெச்டிஎல் 72 சதவீதம் ஏறியது. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 25 சதவீதம் இறங்கியது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாரும் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் 2006 டிசம்பரில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். புது மருந்து எடுத்தவர்களில் 93 பேர் இறந்திருந்தார்கள்; எடுக்காதவர்களில் 59 பேர். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. அதனால், கோளாறு அந்த ஒரு மருந்தில்தான் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நியாயமான சந்தேகம்தான். சரி, அப்புறம் என்ன ஆனது? ஹெச்டிஎல்லை ஏற்ற ரோஷ் கம்பெனி கொண்டுவந்த மருந்து 2012-இல் பலன் இல்லை என்று நின்றது. லில்லி கம்பெனியின் மருந்து ஹெச்டிஎல்லை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றியது. மாரடைப்பு குறையவில்லை, 2015-இல் அதையும் நிறுத்தினார்கள். ஹெச்டிஎல்லை ஏற்றும் நியாசின் வைட்டமினும் பெரிய சோதனையில் தோற்றது, பக்கவிளைவுதான் மிச்சம். மெர்க் கம்பெனியின் மருந்து மட்டும் 2017-இல் சிறிது பலன் காட்டியது. அதுவும் கெட்ட கொழுப்பு இறங்கியதால் வந்த பலன் என்றே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

மரபணு வழியாகவும் பார்த்தார்கள். பிறவியிலேயே ஹெச்டிஎல் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி ஒரு மரபணு மாற்றம் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறதா என்று தேடினார்கள். குறையவில்லை. 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது.

இதற்கு நேர் எதிரான ஒன்று இத்தாலியில். கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்று ஒரு சிற்றூர். அங்கே சில குடும்பங்களுக்கு ஹெச்டிஎல் மிக மிகக் குறைவு. ஆனால் அந்த அளவுக்கு எதிர்பார்க்கக்கூடிய இதய நோய் அவர்களிடம் இல்லை. 1970-களில் மிலான் மருத்துவர்கள் கண்டுபிடித்தது. ஹெச்டிஎல்லின் முக்கியப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.

தெருவில் எத்தனை குப்பை வண்டி நிற்கிறது என்று எண்ணினால், தெரு சுத்தமாகிவிட்டதா என்று தெரியாது. ரிப்போர்ட்டில் வரும் ஹெச்டிஎல் எண்ணும் அப்படித்தான். அந்தத் துகள்களில் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று அது சொல்லும். வேலை நடக்கிறதா என்று சொல்லாது.

அதற்காகக் குறைந்த ஹெச்டிஎல்லை அலட்சியம் செய்யாதீர்கள். ஆண்களுக்கு 40-க்குக் கீழே, பெண்களுக்கு 50-க்குக் கீழே என்றால் அது ஓர் எச்சரிக்கை. பெரும்பாலும் தொப்பை, சர்க்கரை, டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்வில் 72 சதவீதம் பேருக்கு ஹெச்டிஎல் குறைவு. நடங்கள், சிகரெட்டை விடுங்கள். அதனால் ஹெச்டிஎல் எண் இரண்டு புள்ளிதான் ஏறினாலும், நடப்பதும் சிகரெட்டை விடுவதும் இதயத்துக்கு லாபம்தான். மது குடித்தாலும் ஹெச்டிஎல் ஏறும். அதைக் காரணம் காட்டிக் குடிக்கத் தொடங்க வேண்டாம். ‘நல்ல கொழுப்பை ஏற்றும்’ என்று விற்கும் கேப்ஸ்யூலுக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு கழித்தல் மட்டும் போடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 230, ஹெச்டிஎல் 65 என்றால் மீதி 165. ரத்தக்குழாயில் படியக்கூடியதெல்லாம் அந்த 165-இல்தான் இருக்கிறது. எல்டிஎல்லுக்கு டாக்டர் வைத்திருக்கும் இலக்கோடு 30 கூட்டினால் இந்த மீதி எண்ணுக்கான இலக்கு கிடைக்கும். எல்டிஎல் 100-க்குள் என்றால் இது 130-க்குள். ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இலக்கு இன்னும் கீழே. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் “எனக்கு இது எவ்வளவு இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.