தலைமன்னார் பியருக்குக் கோச்சி போன கதை

[காட்சி: தலைமன்னார் பியர் ரயில் நிலையம். தண்டவாளம் மணலோடு முடியும் இடம். அப்பால் கடலுக்குள் துருப்பிடித்த இரும்புத் தூண்கள்.]

கொழும்பிலிருந்து வரும் ரயிலுக்கு இதுதான் கடைசி நிலையம். இறங்கினால் மணல், பனை, கடல். இறங்குதுறையை ஊர்க்காரர் இன்றும் 'பியர்' என்றுதான் சொல்கிறார்கள். இவ்வளவு தூரம், காட்டையும் களப்பையும் தாண்டி, யாருக்காகத் தண்டவாளம் போட்டார்கள்? செட்டிகுளத்தாருக்காகவா, முருங்கன் கமக்காரருக்காகவா?

[காட்சி: வரைபடம். மதவாச்சி, செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார், பேசாலை, தலைமன்னார்.]

மதவாச்சியிலிருந்து பியர் வரை 106 கிலோமீற்றர். 1914இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இது விளங்கும்.

கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பரவியபோது, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வள்ளத்தில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று நடைதான். வன்னிக் காட்டில் தண்ணீர் கிடைக்காது. கிடைத்தாலும் அதைக் குடித்துத்தான் பலர் செத்தார்கள். வாந்திபேதி. எங்கள் கிழவிகள் ஆத்திரம் வந்தால் 'கோதாரி' என்று திட்டுவார்களே, அந்தச் சொல்லே இந்த நோயின் பெயர்தான். பிறகு 1890களின் கடைசியில் இந்தியாவில் பிளேக் பரவவும், அரசாங்கம் அந்த நடைபாதையை மூடி, ஆட்களைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வரவழைத்தது.

[காட்சி: கையில் ஒரு தகர வில்லை, மிக அருகில்.]

இந்தத் தகரத் துண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு இது. ஆள் போகவேண்டிய மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், இரண்டையும் இதில் அடித்திருப்பார்கள். இதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிவிடுவார்கள். பயணக் கட்டணத்தை முதலில் அரசாங்கம் கட்டும், பிறகு தோட்டத்திடம் வாங்கிக்கொள்ளும். வந்தவர் வாய் திறந்து ஊர் பேர் சொல்லத் தேவையே இல்லை, தகரம் சொல்லிவிடும். பார்சல் ஒட்டுச் சீட்டு மாதிரி. அரசாங்க ஆதரவு என்றால் தண்டவாளத்துக்குக் காசு கொடுப்பது மட்டும் இல்லை, இதுவும்தான்.

[காட்சி: பாம்பன் பாலத்தின் பழைய படம்.]

சரி, காசு யாருடையது? இக்கரையில் பாதையைப் போட்டது இலங்கை அரசாங்க ரயில்வே. கம்பனி கிடையாது, அரசாங்கமே நேரடியாகப் போட்டது. அக்கரையில் சவுத் இந்தியன் ரயில்வே கம்பனி. பாம்பன் பாலத்தைக் கட்டி ரயிலைத் தனுஷ்கோடி வரை கொண்டுபோனதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று மூன்று நீராவிக் கப்பல்களை விட்டதும் அவர்கள்தான். ராமர் அணைக்கு மேலேயே ரயில் பாலம் போடும் யோசனையும் இருந்தது. செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கப்பலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாகக் காங்கேசன்துறைத் துறைமுகம் வரை போகும் வடக்குப் பாதைக்காக யாழ்ப்பாணத்தார் மனு மேல் மனு போட்டார்கள். வெறுங்காட்டுக்குள் ரயில் ஓடினால் வருமானம் எங்கே என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. 1905இல்தான் அது முழுதாக ஓடத் தொடங்கியது. மன்னார்ப் பக்கமும் அதே வெறுங்காடுதான். ஆனால் அங்கே ஏற்றவேண்டிய சரக்கு வேறு, தோட்டத்துக்குப் போகும் ஆட்கள். அதை வேண்டியவர்கள் தோட்டத்துரைமார்.

பாதை வந்த பிறகு எங்கள் ஆட்களும் ஏறாமல் இல்லை. ஆடி, ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் பாயும் பானையுமாக மடு றோட்டில் இறங்குவார்கள். என் அப்பம்மாவுக்கு ரயில் என்ற சொல்லே வாயில் வராது. கோச்சிதான். 'கோச்சி கூவினால் உலை வைக்கிற நேரம்' என்பார்.

[காட்சி: 1964 புயலுக்குப் பின் தனுஷ்கோடி. பிறகு காடு மூடிய ரயில் பாதை.]

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது, 1980களில் போர் வந்து அதையும் நிறுத்தியது. 1990இல் ரயிலும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் என்ற பதுங்குகுழிகளுக்குப் போயின. அந்த ஆண்டு இங்கிருந்து வள்ளத்தில் அக்கரை போனவர்களில் பலரைத் தங்கவைத்த இடம் மண்டபம் முகாம். தோட்டங்களுக்கு வரும் ஆட்களை நோய் பார்த்து அனுப்ப இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய அதே பழைய முகாம்தான் அது.

[காட்சி: மீண்டும் பியர் நிலையம். ரயில் வந்து நிற்கிறது.]

இந்தியக் கடனில் இர்கான் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2015 மார்ச்சில் ரயில் மறுபடி பியருக்கு வந்தது. இறங்குகிறவர்கள் மீன்பெட்டிகளைத் தாண்டி, ஓட்டோ பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் போகிறார்கள். கப்பல் இல்லை.